தட்டு பார்க்கிறவள்

மூடியைத் தூக்குகிறாள், எட்டிப் பார்க்கிறாள், மூடுகிறாள். அடுத்த மூடி. வார்டுகளிலிருந்து இறங்கி வந்த எச்சில் தட்டு வண்டியைக் கழுவும் அறைக்குப் போகவிடாமல், நடைவழியில் குறுக்கே மறித்துக்கொண்டு நிற்கிறாள். "பாலு பாதி மிச்சம். முட்டையில வெள்ளையைத் தின்னுட்டு மஞ்சளை ஒதுக்கிட்டாங்க. ரொட்டியில நடுவுல மட்டும் பிச்சிருக்கு, ஓரம் அப்படியே இருக்கு. பல்லு ஆடுது போல. யாராச்சும் பார்த்தாங்களா?" யாரிடம் கேட்கிறாள் என்று தெரியவில்லை. தட்டிடம்தான் கேட்கிறாள் போலிருக்கிறது.

"தராசு, விடும்மா. லேட்டானா கழுவுற அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடும்" என்று வண்டி தள்ளுகிற அண்ணன் கெஞ்சுகிறார்.

"ஒரு நிமிஷம்ணே. இந்தத் தட்டு யாரோடது?"

துடைத்து வைத்தது போலக் காலியாக ஒரு தட்டு. சமைத்தவர் பார்த்தால் வயிறு குளிரும். இவளுக்கோ முகம் சுருங்கிவிடுகிறது. மாடி ஏறிப் போய், அந்தக் கட்டிலைத் தேடிப் பிடித்து, "நீங்களா சாப்பிட்டீங்க? உங்க வாயால சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தால்தான் அவளுக்கு மீதிப் பொழுது கழியும். "பின்ன என்ன, மூக்கால சாப்பிடுவாங்களா?" என்று ஒரு பெரியவர் எரிந்து விழுந்தார். அந்த ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அதனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. காலித் தட்டைக் கண்டால் குழந்தை மாதிரிக் கை தட்டியவள்தான் இவள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன உணவு, எவ்வளவு, எப்படி என்று முடிவு செய்கிற படிப்பு அவளுடையது. புத்தகப் பாடமெல்லாம் முடித்து, இப்போது வார்டு வார்டாக அலைகிற பயிற்சி வருஷம். சிறுநீரகக்காரருக்கு உப்பை எடுக்க வேண்டும், தீக்காயக்காரருக்கு முட்டையை ஏற்ற வேண்டும், பக்கவாதக்காரருக்குத் தண்ணீரைக்கூடக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். எழுதிக் கொடுக்கிற எதையும் தானும் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பது என்று ஒரு வைராக்கியம். அதற்கென்றே கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்பூன். கூழாக்கிய தண்ணீரை முதல் தடவை குடித்த அன்று, "இதைக் குடிக்கிறதுக்குத் தாகத்தோட இருந்துடலாம்ணே" என்று வண்டிக்கார அண்ணனிடம் சொன்னாள். ஆனாலும் எழுதிக் கொடுத்தாள், வேறு வழியில்லை.

தராசு என்று பெயர் வைத்தவரும் அதே அண்ணன்தான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவாள். லிப்டில் ஏறுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் கூட்டிக்கொண்டே போய், "இதுக்கு மேல ஏறாதீங்க, மணி அடிக்கும்" என்பாள். மணி அடிக்கும். ஒருமுறை சர்ஜனையே கண்ணால் எடை போட்டுச் சொல்லி, அவர் பிறகு யாருக்கும் தெரியாமல் இயந்திரத்தில் ஏறிப் பார்த்ததாகக் கேள்வி.

வீட்டில் இந்த வித்தைக்கு மரியாதை இல்லை. அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். இவள் சாப்பிட உட்கார்ந்தால் அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்துவிடுவார். "இவ பாக்குற பார்வையிலேயே நான் அள்ளுறது செரிக்காமப் போயிடுது" என்பார். சொந்தக்காரர்கள் வந்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இடுப்பு குறைய என்ன சாப்பிட வேண்டும்? "குறைக்கிறது இல்ல சித்தி, ஏத்துறதுதான் எங்க வேலை. ஆஸ்பத்திரியில எல்லாரும் குறைஞ்சுக்கிட்டேதான் வர்றாங்க" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தச் சித்தி இவளிடம் எதுவும் கேட்டதில்லை. டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை, அதனால் இதில் சேர்ந்தாள் என்று அக்கா போகிற இடமெல்லாம் சொல்வாள். உண்மைதான். அதை இவள் மறுத்ததும் இல்லை.

ஊருக்கே உணவு எழுதுகிறவள் தான் சாப்பிடுவது என்ன என்று கேட்டால் வெட்கக்கேடு. மாடிப்படியில் நின்றபடி நாலு பிஸ்கட், ஆறிப்போன டீ. "ஊருக்கு உபதேசம்" என்பார் வண்டிக்கார அண்ணன். "எனக்கு உபதேசம் பண்ண ஆளில்லையேண்ணே" என்பாள் இவள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தவளிடம்தான் பூட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

அவர் சாவி போடுகிறவர், பூட்டு பழுது பார்க்கிறவர். உணவுக்குழாயில் கட்டி. அறுத்து எடுத்துவிடலாம், இன்னும் பரவவில்லை என்றார் சர்ஜன். ஆனால் அந்த ஆபரேஷனை உடம்பு தாங்க வேண்டும். "இருக்கிற எடை இறங்காமப் பாத்துக்குங்க. இறங்கினா நான் கத்தி வைக்க மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயிற்சிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு நோயாளியைப் பொறுப்பாகக் கொடுப்பது வழக்கம். பெரிய மேடம், அதாவது இவளுக்கு மேலே இருக்கிற மூத்த உணவு நிபுணர், பூட்டுக்காரரை இவள் கையில் கொடுத்தார். முழுசாகத் தன் பொறுப்பில் வந்த முதல் உயிர். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அத்தானுடைய தட்டைக்கூட அவள் பார்க்கவில்லை.

மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் கரைத்த சூப், குழையவிட்ட முட்டை, புரோட்டீன் பவுடர் கலந்த பால். எல்லாவற்றையும் ருசி பார்த்து, சல்லடையில் வடித்து, கட்டி தட்டாமல் மேலே அனுப்பினாள். மதியம் போய்ப் பார்த்தால் தட்டு காலி. மறுநாளும் காலி.

"சபாஷ் அய்யா! இன்னைக்கும் காலி!"

"நீங்க குடுத்தா காலி பண்ணாம இருப்பேனா டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லீங்க அய்யா. டயட்டு."

"சோறு போடுறவங்கதான் எனக்கு டாக்டரு."

அவர் குரல் கட்டிப்போய், காற்று மாதிரி வரும். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவர் வீட்டம்மா. வந்த நாளிலிருந்து அந்த ஸ்டூலை விட்டு நகர்ந்ததில்லை. நோயாளிக்குத்தான் ஆஸ்பத்திரி சாப்பாடு, துணைக்கு இருப்பவர் கேண்டீனுக்குப் போய்க்கொள்ள வேண்டும். கேண்டீனோ அடுத்த கட்டடத்தின் கோடியில் இருந்தது. அவருக்குத் திடீர் திடீரென்று எச்சில் தொண்டையில் அடைத்து மூச்சு திணறும். அப்போது நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தட்ட ஆள் வேண்டும் என்று அந்தம்மாள் அசையவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தம்மாளும் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தார்.

வாரக் கடைசியில் எடை பார்த்தார்கள். இறங்கியிருந்தது.

இவள் பாலில் பவுடரைக் கூட்டினாள். சூப்பில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய். தட்டு காலியாகத்தான் வந்தது. எடை மறுபடி இறங்கியது. "கட்டி தின்னுது. நாம போடுறதெல்லாம் அதுக்குத்தான் போகுது" என்றார் வார்டு டாக்டர். அப்படியும் நடப்பது உண்டு, பாடத்தில் இருக்கிறது. மூக்குக் குழாய் போடலாமா என்று பேச்சு எழுந்தபோது இவளே எழுந்து நின்று, "வேண்டாம் டாக்டர். அவர் வாயாலேயே முழுசாச் சாப்பிடுறார். ஒரு நாள்கூட மிச்சம் இல்ல. எதுக்கு அவரைக் குழாய் போட்டுக் கஷ்டப்படுத்தணும்?" என்று வாதாடினாள். பேச்சில் தைரியம் இருந்தது. பெரிய மேடம்கூடத் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மதியம் வீட்டம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என்னம்மா, உங்களுக்கு ஆஸ்பத்திரி நல்லா ஒத்துக்கிச்சு போலிருக்கே? கன்னமெல்லாம் பூசினாப்புல இருக்கு!"

அந்தம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். லிப்டில் போகிறவன் வருகிறவனையெல்லாம் கண்ணால் எடை போடுகிறவள், கண்ணெதிரே ஒருத்திக்கு எடை ஏறுவதையும் ஒருத்தருக்கு இறங்குவதையும் பார்த்தாள். பார்த்தும் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. என்னத்தைச் சொல்ல! கண் இருந்தும் குருடு என்று சும்மாவா சொல்கிறார்கள்.

மறு வாரமும் எடை இறங்கியபோது பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் இருந்த ஆப்பிளை உருட்டிக்கொண்டே கேட்டார்: "அவர் சாப்பிடுறதை நீ பாத்தியா?"

"தட்டு காலியா வருது மேடம். தினமும் நானே போய்ப் பாக்குறேன்."

"தட்டைக் கேக்கல. அவர் முழுங்குறதைப் பாத்தியா?"

இல்லை. அவள் மட்டும் இல்லை, அவளோடு இருந்த பயிற்சிக்காரர்களில் யாருமே பார்த்ததில்லை. காலைச் சாப்பாடு இவர்கள் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். இரவுச் சாப்பாடு இவர்கள் போன பிறகு. மதியச் சாப்பாட்டு வண்டி மேலே ஏறுகிற நேரம் பார்த்து வகுப்பு வைத்திருந்தார்கள். பலகையில் படம் போட்டு விழுங்குவது எப்படி என்று பாடம் நடக்கும்போது, மேலே வார்டில் ஆட்கள் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்து இவர்கள் மேலே போனால் மிஞ்சியிருப்பது தட்டுதான். தட்டைப் பார்த்து, அரை, கால், முக்கால் என்று கணக்கு எழுதிக்கொள்வார்கள். சாப்பாட்டைப் படிக்க வந்த பிள்ளைகள் எவரும் நோயாளி சாப்பிடுவதைப் பார்த்ததில்லை!

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டாள். பூட்டுக்காரருக்கு அடுத்த கட்டில் காலியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டிக்கார அண்ணன் தட்டை வைத்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. ஸ்பூன் சத்தம். பிறகு ஒரு இருமல். நெடுநேரம் இருமல், முதுகில் தட்டுகிற சத்தம்.

"போதும்டி. ரெண்டு வாய் போயிருக்கு, அதுவே பெரிசு. நீ எடுத்துக்கோ."

"இன்னும் ஒரு வாய் பாருங்களேன்."

"இறங்கல. இறங்கினா திங்க மாட்டேனா? நீயாச்சும் சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு. நீ விழுந்துட்டா என்னை யாரு பாக்குறது?"

மறுபடி ஸ்பூன் சத்தம். பிறகு அந்தம்மாளின் குரல்: "முடியலங்க. வயிறு முட்டுது. வர வரப் பாலை ரொம்பக் கெட்டியா வைக்கிறாங்க."

"முட்டினா முட்டட்டும். சுரண்டிச் சாப்பிடு, ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு. இப்ப அந்தப் பொண்ணு வரும். தட்டைப் பாத்ததும் அது முகம் எப்படி மலருது! இந்தக் கட்டடத்துல நம்மளைப் பாத்துச் சிரிக்கிறதே அது ஒண்ணுதான். மிச்சம் வச்சோம்னா அந்தப் பெரிய மேடம் அதைத்தான் திட்டும். படிக்கிற புள்ள, பாவம்."

இவள் திரையை விலக்கினாள். அந்தம்மாள் வாயருகே கொண்டுபோன ஸ்பூனோடு அப்படியே உறைந்துபோனார். பூட்டுக்காரர்தான் சுதாரித்தார். சாவி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையால், மனைவியின் மடியிலிருந்த தட்டைச் சட்டென்று வாங்கி இவள் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"டாக்டரம்மா, இன்னைக்கும் காலி!" என்றார்.

அவள் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாடிப்படிக்கு ஓடிப்போய், பிஸ்கட் தின்கிற அதே படியில் உட்கார்ந்து அழுதாள். வாய் விட்டே அழுதாள். தினம் தினம் தான் போட்ட சபாஷ் அந்த மனுஷனுக்கு எமனாக வந்து நின்றதை நினைத்து அழுதாள். குழாய் வேண்டாமென்று அத்தனை பேர் நடுவில் தான் எழுந்து நின்றதை நினைத்து அழுதாள்.

பெரிய மேடத்திடம் ஒளிக்காமல் சொன்னாள். திட்டு விழும் என்று நின்றாள். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மத்தியான வகுப்புக்கு நேரம் போட்டது நான்தான்" என்றார். 

அன்றே குழாய் போட்டார்கள். இவளுக்கு மனசு பறந்தது. இத்தனை நாள் பட்டினியையும் ஒரே மூச்சில் ஊற்றி அடைத்துவிட வேண்டும் போலிருந்தது. மேடம் கையைப் பிடித்து நிறுத்தினார். "காஞ்ச உடம்பு. ஒரேயடியா ஊத்தினா ரத்தத்துல சத்து உப்பெல்லாம் சரசரன்னு இறங்கி இதயம் நின்னுடும். சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தணும்." அவசரப்பட்டால் சாவு, ஆறப்போட்டாலும் சாவு. சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தினமும் வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து, குழாயில் மாட்டிய உணவுப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். இப்போது பார்ப்பதற்குத் தட்டு இல்லை.

"என்னை மன்னிச்சிடுங்க அய்யா. நான் தட்டை மட்டும்தான் பாத்தேன்" என்று ஒருநாள் சொன்னாள்.

குழாயோடு பேச அவருக்குச் சிரமம். "நான்தானேம்மா ஏமாத்தினேன்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. இவ நல்லாச் சாப்பிட்டா. கல்யாணமானதுலேர்ந்து இவ இப்படி உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல" என்றார். அந்தம்மாள் ஸ்டூலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடை நின்றது. ஏறவில்லை, ஆனால் இறங்குவது நின்றது. இவள் அக்கா வீட்டில் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அதற்குள் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு சர்ஜன் உதட்டைப் பிதுக்கினார். கட்டி கல்லீரலுக்குப் போய்விட்டது. போன மாசமே அறுத்திருந்தால் என்று அவர் ஆரம்பித்து, இவள் அங்கே நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பூட்டுக்காரரின் பெயரை ஆபரேஷன் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாயையும் எடுத்துவிட்டார்கள், அவர்தான் வேண்டாம் என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிடித்ததைக் கொடுங்கள் என்று எழுதுவதற்கும் உணவுப் படிப்பில் இடம் உண்டு. அதை எழுதுகிற பொறுப்பும் இவளுடையதுதான். எழுதினாள்.

அவர் கிளம்புகிற அன்று மதியச் சாப்பாட்டை வண்டிக்கார அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு இவளே போனாள். வகுப்பு நேரத்தை அதற்குள் மாற்றியிருந்தார்கள், அதனால் மட்டம் போட வேண்டியிருக்கவில்லை. வீட்டம்மா துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். கன்னம் மறுபடி ஒட்டத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை இவள் அதைச் சரியாகக் கவனித்தாள்.

"என்ன கொண்டாந்திருக்கீங்க டாக்டரம்மா?"

"சூப்பு அய்யா. கொஞ்சம் உருளைக்கிழங்கு, முட்டை."

"'நான் டாக்டர் இல்லீங்க'ன்னு நீங்க சொல்லலியே இன்னைக்கு?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தட்டை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். அவர் ஒரு ஸ்பூன் எடுத்தார். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள், பலகையில் வரைந்த படத்தில் இப்படி இருக்கவில்லை. இரண்டாவது ஸ்பூன் வாயில் வெகுநேரம் நின்றது. கண்ணில் நீர் கட்டி, ஒருவழியாக இறங்கியது. மூன்றாவது ஸ்பூனை நிரப்பினார். நிரப்பிவிட்டு, கையைத் தூக்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் அந்த ஸ்பூனை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிச் சூப்புக்குள் விட்டாள். கோட்டுப் பையிலிருந்த தன் ஸ்பூனை எடுத்து, துடைத்து, தட்டோடு சேர்த்து வீட்டம்மாவின் ஸ்டூல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.